அதே நாலு குதிரை

“உயிரோட துடிக்கிறதைத்தான் தின்போம்னு அடம்பிடிச்ச நாலு பேரையும் ஒரே வாரத்துல வழிக்குக் கொண்டுவந்தவன் நான்!” என்று ஜாபஸ் நெஞ்சை நிமிர்த்தினான்.

அந்த நாலு பேரும் அவன் முதுகுக்குப் பின்னால், கண்ணாடித் தொட்டியில், பாசிக்கொடியை வாலால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குள்ளக் கடல்குதிரைகள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடி ஃப்ளாட்டிலிருந்து நேரலை போய்க்கொண்டிருந்தது. போனைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி ரெனிதா. ஒரு ஸ்டாண்டு வாங்கிவிடலாமே என்று கேட்டதற்கு, “சும்மாதானே இருக்கே, பிடி” என்று பதில் வந்திருந்தது.

ஜாபஸ் போன மாதம் ஐ.டி. வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டான். மேனேஜர் மடையனாம், டீம் மொத்தமும் மடையர்களாம். கடல்குதிரைக்கென்று அவனே கண்டுபிடித்து அரைத்த பொடி, லேபிள் ஒட்டி, அட்டைப்பெட்டிகளில் ஹால் முழுக்க அடுக்கியிருந்தது. ஆவடியிலிருந்து வேப்பம்பட்டு வரைக்கும் வண்ணமீன் கடைக்காரர்கள் இந்த நேரலையைப் பார்க்கிறார்கள். இன்று அவர்கள் நம்பினால் பொடி கடை ஏறும். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதுதான்.

“பூந்தமல்லி யுவராணி மேடம் எழுதறாங்க, கேளுங்க” என்று உதட்டைச் சுழித்துப் படித்தான். “‘குள்ளக் கடல்குதிரைக்கு வயிறே கிடையாது. தின்னது சீக்கிரமே வெளியே போயிடும். அப்பத்தான் பொரிஞ்ச ஆர்டீமியா இறால் குஞ்சை, உயிரோட, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை குடுக்கணும். அசையாததை அது தீனின்னே நினைக்காது.’ அடேங்கப்பா! மேடம், இதெல்லாம் முட்டை விக்கிறவன் கட்டிவிட்ட கதை. பாட்டில்ல உப்புத்தண்ணி ஊத்தி, முட்டையைப் போட்டு, காத்து ஊதி, பொரிய வெச்சு... ஏன் மேடம், உங்களுக்கு வீட்ல வேற வேலையே இல்லையா?”

ரெனிதா முதல் வாரமே வாயைத் திறந்து பார்த்துவிட்டாள். “பொடியைத் தொடவே மாட்டேங்குதுங்க” என்றாள். “தண்ணி மாத்துறது நீ, உப்பு பாக்குறது நீ. ஒண்ணு செத்தாலும் உன் கைதான் காரணம். உங்கப்பாவை நிக்க வெச்சுக் கேப்பேன்” என்றான். கேட்கக்கூடிய மகராசன்தான். குழம்பில் உப்புக் கூடியதற்கே சர்ச் வாசலில், பாஸ்டர் முன்னால் அவரை நிறுத்திக் கேட்டவன்.

காலையில் ஒரு சிட்டிகை பொடி தூவுவதோடு அவன் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் அவள் தலையில்.

“காலைல என்ன டிபன்னு ஒருத்தர் கேக்குறாரு. ரொம்ப முக்கியம்! உப்புமா சார். இந்த வீட்ல சனிக்கிழமை சனிக்கிழமை தூக்குல மாவு வருது, தட்டுல தோசை மட்டும் வரவே மாட்டேங்குது. கேட்டா புளிச்சுப் போச்சாம். ஒரு மாவை வெச்சுக் காப்பாத்தத் தெரியலை. நல்லவேளை, குதிரைக்குச் சோறு போடுறது நான்!”

திரையில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. அப்போது வாசலில் மணி அடித்தது.

மாவுக்கார பாபு. எப்போதும் ரெனிதாதான் பதினோரு மணிக்குக் கீழே இறங்கிப்போய், கேட்டருகில் தூக்கை வாங்கி வருவாள். இன்று அவள் கையில் போன்.

“அக்கா, கீய வெயில்ல அரமணி நேரமா நின்னுகினு கீறேன். இதுக்கு மேல தாங்காது. அதான் மேல ஏறி வந்துட்டேன்” என்றார் பாபு.

“அங்கயே வெச்சுட்டுப் போயிடுங்கண்ணே” என்றாள் ரெனிதா.

ஜாபஸ் விடுவானா? அவனுக்கு மட்டம் தட்ட ஒரு ஆள் வலிய வந்து நிற்கிறார்.

“இருய்யா, மாவு புளிச்சாப் புளிக்கட்டும். உள்ள வா. மக்களே, மாவு விக்கிற இவருக்குக்கூடப் புரியுற மாதிரி சொல்றேன், பாருங்க. யோவ், இந்த நாலு குதிரையும் ஒரு வருஷமா என் பொடியை மட்டுமே தின்னு வாழுது. அதே நாலு! ஒண்ணுகூடச் சாகல. உன் கண்ணால பாத்து நீயே சொல்லு.”

பாபு தூக்கைப் பதனமாகக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியைக் குனிந்து பார்த்தார். தண்ணீரின் மேல் தவிடு மாதிரி பொடி மிதந்தது. ஒரு குதிரைகூட அதன் பக்கம் மூஞ்சியைத் திருப்பவில்லை.

ரெனிதாவின் கட்டைவிரல் நேரலையை நிறுத்தும் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. பிறகு விலகியது. அவள் போனைப் பாபுவின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“சொல்லுய்யா, வாயில என்ன கொழுக்கட்டையா?”

பாபு நிமிர்ந்து ஜாபஸை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொடியா சார் போடுற? அடப்பாவமே, அதான் அக்கா வாராவாரம் என்னாண்ட இந்தத் தூக்குல புதுசா நாலு குதிரை வாங்குதா!”