கழுத்தில் இருப்பது

"கழுத்துல கை வெச்சே, அப்புறம் நடக்கறதே வேற!"

ஜோதிலட்சுமி போட்ட சத்தத்தில் நர்ஸ் ஸ்டெல்லா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பூரணாங்குப்பத்திலிருந்து கூடை தூக்கிப் போய் மீன் விற்கிற குரல் அது. பாகூர் ஸ்கேன் சென்டரின் இத்தனூண்டு அறைக்கு ரொம்பவே அதிகம்.

"ஐயோ அக்கா, நான் இன்னா கொலையா பண்ண வந்தேன்? தாலியைக் கழட்டிக் கையில வெச்சிக்குங்கன்றேன். ஸ்கேன் முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"கழட்ட மாட்டேன். எங்க வூட்டுக்காரரு கடல் மேல இருக்காரு."

அவர்கள் குடும்பத்தில் அப்படித்தான். கட்டினவன் கடலுக்குப் போயிருக்கும்போது பெண்டாட்டி கழுத்தை விட்டுத் தாலி இறங்கக் கூடாது. கயிறு மாற்றுவதென்றாலும் போட் கரையேறின பிறகுதான். புருஷன் மணிமாறன் விடியற்காலையிலேயே கடலுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தான். அவன் தலை மறைந்த பிறகுதான் இவள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

டாக்டர் செல்வகுமாரி பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தார். "நவுத்தி வெச்சும் பாத்துட்டேன்மா. கழுத்தடியிலேர்ந்து தாடை வரைக்கும் கருவி ஓடணும், கயிறும் குண்டும் குறுக்க வந்து வழுக்குது. கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருந்தா நெஞ்சுலயும் படிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். இப்பவே தெரிஞ்சா மாத்திரை போட்டுத் தப்பிச்சிக்கலாம். உங்களுக்கு சுகர் வேற, பிரஷர் வேற. தம்பி எப்படிப் போனாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தம்பி பேச்சை எடுத்ததும் ஜோதிலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. வீரமணி போன ஆடியில் வலையைத் தைத்துக்கொண்டே சாய்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. நாற்பது வயசுகூட ஆகவில்லை பாவம். அன்றிலிருந்து நெஞ்சில் சுருக்கென்றாலே இவளுக்குக் கை கால் ஓடுவதில்லை.

"பயமாத்தான் இருக்குது டாக்டரம்மா. அதுக்காக அவரு உசுரை வெச்சி வெளையாட முடியுமா?"

படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். "இருங்க, கரைக்கு வந்துட்டாரான்னு கேட்டுடறேன்" என்று சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்தாள். வந்தவர்களின் போனையெல்லாம் வாசலிலேயே சைலன்ட்டில் போட வைத்திருந்த ஸ்டெல்லா முறைத்தாள்.

"ரிங் போவுது!" ஜோதிலட்சுமி முகத்தில் வெளிச்சம் வந்தது. "கடலுக்குள்ள இருந்தா ரிங்கே போவாது. கரைகிட்ட வந்துட்டாரு போல."

யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சுவிட்ச் ஆஃப்.

அவ்வளவுதான், பதறிப் போய்விட்டாள். "இன்னாது இது, இப்பதானே அடிச்சிது? தண்ணியில கிண்ணியில வுழுந்துட்டாரா? மாரியாத்தா!"

"சார்ஜ் போயிருக்கும்கா."

"நீ சும்மா இரு பாப்பா. கடலைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. வில்லியனூரில் வேறு ஆட்கள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயோ, இவளுக்கு முன்னால் ஸ்கேன் எடுத்த ஆள்கூடத் திரைக்கு அந்தப் பக்கம் ஜெல்லியைத் துடைத்து முடித்து வெளியே வந்தபாடில்லை. "சரிம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"வர மாட்டேன் டாக்டரம்மா. இன்னிக்கே அந்த மனுசன்கிட்ட மறைச்சிட்டுதான் வந்தேன். எனக்கு ஒண்ணுன்னா அவரு சோறு தண்ணி எறங்காம கெடப்பாரு. இன்னொரு தரம் அவரை ஏமாத்த என்னால ஆவாது. நடக்கறது நடக்கட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கட்டிலை விட்டு இறங்கினாள். ஸ்டெல்லா குறுக்கே போய் நின்றாள். "அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். போனீங்கன்னா திரும்ப வர மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"வழிய வுடு."

கதவைப் பாதி திறந்தும் விட்டாள். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"கழட்டு ஜோதி... நான் கரையிலதான் இருக்கேன்."