சுண்டுவிரல் பக்கத்து நாடி

திரையில் ரத்தத்தைக் காணவில்லை.

டாக்டர் நிவெஸ் ஸ்கேன் கருவியைத் துடைத்து, பாஷ்கோவின் வலது மணிக்கட்டில் மறுபடி வைத்தாள். இருட்டு. முழங்கைப் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். குபுகுபுவென்று சத்தம் வந்தது. நல்ல ரத்தம், நல்ல வேகம். திரும்ப மணிக்கட்டுக்கு வந்தாள். இருட்டு.



அவளிடம் வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: வலது மோதிர விரல், நாளை அகற்றம், எதுவரை வெட்டலாம் என்று பார்க்கவும். சுண்டுவிரலும் சிவப்பு நிறம் போய் அடுத்து நானா என்று காத்திருந்தது.

பாஷ்கோ, ப்ராச் தீவின் கல் குவாரியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். கல்தூசியைச் சுவாசித்தே தோல் இறுகும் நோயை வாங்கிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. முகம் இறுகிவிட்டது, வாய் சிறுத்துவிட்டது. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகும். ஒருநாள் மோதிர விரலின் நுனி கறுத்தது. வலது கையில் கிடந்த கல்யாண மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். அது இப்போது மனைவி பெரினாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது.

இந்த நோய் என்றால் டாக்டர்களுக்கு ஒரே பாட்டு, நுண்குழாய். விரல் நுனியில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகும், அதற்கு மேல் என்ன செய்வது என்பார்கள். நகக்கண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். கட்டைவிரல் பக்கம் நாடி பிடிப்பார்கள். அது கிண்ணென்று அடிக்கும். கையை விட்டுவிடுவார்கள்.

சுண்டுவிரல் பக்கமும் ஒரு பெரிய குழாய் வருகிறது என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தவர்தான் கிடையாது. நிவெஸும் தொட்டதில்லை. இன்றைக்கு ஜெல் வழுக்கி, கருவி தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

"என்னம்மா, மெஷின் மண்டையப் போட்டிருச்சா?" என்றார் பாஷ்கோ.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க அசையாம இருங்க."

"அசையாம இருக்கிறதுல இவரு மூஞ்சிய அடிச்சுக்க ஆளில்ல, டாக்டரம்மா," என்றாள் பக்கத்தில் நின்ற பெரினா. "சீட்டு ஆடுறப்ப கூட ஆடுற ஜோடிக்குக் கண்ணடிச்சா, அந்த ஆளுக்கு அது தெரியவே மாட்டேங்குது. போன வாரம் ஒரு முழு ஆட்டுக்குட்டியத் தோத்துட்டு வந்து நிக்கிறாரு."

நிவெஸ் காதில் அது பாதிதான் விழுந்தது. அறுவை டாக்டர் யெர்கோவுக்குப் போன் போட்டாள். "சார், உடனே வாங்க. பெரிய குழாய் அடைச்சிருக்கு. நுனியில இல்ல, மணிக்கட்டுல."

யெர்கோ ஓடி வந்தார். ஸ்ப்லிட் நகரத்தில் ஒரு ஆள் ஓடினால், ஒன்று கப்பல் கிளம்பிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை ஊர்க் கால்பந்து அணியான ஹய்டுக் கோல் போட்டிருக்க வேண்டும். காபிக் கோப்பையோடு ஓடி வந்திருந்தார். பாதிக் காபி சட்டையில் இருந்தது.

கருவியைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தார். மேலே சத்தம், நடுவில் இருட்டு, உள்ளங்கையில் குழாய் திறந்தே கிடக்கிறது.

"அடி சக்கை," என்றார். "கட்டைவிரல் நீளம்கூட இல்ல இந்த அடைப்பு. கால்ல இருந்து ஒரு குழாய எடுத்து மேலயும் கீழயும் தச்சா, ரத்தம் அது பாட்டுக்குப் போகும். கறுத்த நுனி உதிரலாம். விரல் நிக்கும்னு நெனைக்கிறேன்."

அங்கிருந்தே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு, நாளைக்கு வெட்டு கிடையாது, தையல்தான் என்று சொல்லிவிட்டார்.

அறை கல்யாண வீடு மாதிரி ஆனது. பக்கத்து அறை நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரினா சிலுவை போட்டுக்கொண்டு நிவெஸின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், பிறகு யெர்கோவுக்கு, பிறகு மெஷினுக்கு. நிவெஸுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு காலைக்காகத்தான் இத்தனை வருஷம் படித்தோம் என்று தோன்றியது. இந்த நோய்க்காரர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், எல்லோர் மணிக்கட்டையும் பார்க்க வேண்டும் என்று யெர்கோவிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பாஷ்கோ மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"இந்த அடைப்பு எத்தன நாளா இருக்கும்மா?"

"வருஷக்கணக்கா இருக்கும், ஐயா. கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கும்," என்றாள் நிவெஸ், சிரிப்பு அடங்காமல்.

பாஷ்கோ இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தார். இந்த நோய் வந்தவர்கள் குளிருக்குப் பயந்து கையைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தக் கையை மெதுவாக மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். மோதிர விரலும் இல்லை, சுண்டுவிரலும் இல்லை. வெட்டிய இடம் எப்போதோ ஆறி வழவழவென்றிருந்தது.



"அப்பவும் நுண்குழாய்னுதான் சொன்னாங்க," என்றார் பாஷ்கோ. குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் அவசரம் இருந்தது. "இதையும் பாத்துருங்கம்மா. இன்னும் மூணு மிச்சம் இருக்கு."