பத்து மடங்கில் ஒரு கைகுலுக்கல்

முக்காலியில் நிற்கும் கேமராவின் பின்திரையில், மரக்கடை முதலாளிகளான மச்சானும் மாப்பிள்ளையும் கைகுலுக்கியபடி சிரிக்கிறார்கள். போன வருஷம் கோர்ட்டு வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமாம். போட்டோக்காரி ஃபோகஸ் பார்க்கப் பொத்தானை அழுத்துகிறாள். பத்து மடங்கு பெருத்த கைகள் திரையை அடைக்கின்றன. மச்சானின் கட்டைவிரல் நகம் மாப்பிள்ளையின் தோலில் பிறையாய் இறங்கியிருக்கிறது. மாப்பிள்ளையின் பிடியில் மச்சானின் மோதிரம் அவர் சதைக்குள்ளேயே புதைந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு விரல் மூட்டுகள் சுண்ணாம்பாய் வெளுத்துத் தெரிகின்றன. "எடுத்துத் தொலையேம்மா," என்கிறார் மச்சான், சிரிப்பைக் கலைக்காமல். "இதுக்குத்தான் ஆம்பளை யாரையாவது அனுப்பச் சொன்னேன்." காலையிலிருந்து இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். "பொம்பளைன்னு தெரிஞ்சிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன்," என்கிறான் மாப்பிள்ளை. இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. அவள் படத்தை எடுக்கிறாள். கைகள் விலகப் பார்க்கின்றன. "விட்டுடாதீங்க சார்," என்கிறாள், குரலில் தேன் வழிய. "போட்டோ முடிஞ்சது. இனிமேதான் வீடியோ. மூணு நிமிஷம், அப்படியே இருங்க." திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிகிறது. இருவரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.