கையெழுத்திட்டவர் அருந்தும் நீர்

எண்ணெய்க் கிணற்றின் சிமென்ட் கணக்கில் கையெழுத்திடும் பொறியாளர், அக்கிணற்றருகே குடும்பத்துடன் குடியிருந்து, அவ்விடத்து நிலத்தடி நீரையே அருந்த வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்ட் முழுமையாக நிரம்பாவிடில், எண்ணெய் நன்னீரில் கலந்துவிடும். பொறியாளர் கோமளவல்லி கணக்கை முடித்தபோது, கணவர் சந்தானம் கலக்கமுற்றார்.

“நம்ம புள்ள குடிக்கிற தண்ணி. இன்னும் நாலு லோடு சேத்து ஊத்தச் சொல்லேன்.”

“இதென்ன சாம்பாரா, விருந்தாளி வந்தா கூட ரெண்டு செம்பு ஊத்தறதுக்கு? பாரம் கூடுனா பாறை வெடிச்சிடுங்க. சிமென்ட்டெல்லாம் அந்த வெடிப்புக்குள்ள போயிடும்.”

ஒரு மூட்டையும் கூட்டாமல் கோமளவல்லி கையெழுத்திட்டார்.

சிமென்ட் இறுகிய பின், வீட்டு அடிகுழாயில் நீர் இறைக்கப்பட்டது. பரிசோதனைக் கருவியுடன் வந்த அதிகாரி பெட்டியைத் திறப்பதற்குள், சந்தானம் ஒரு தம்ளர் நீரை மகளிடம் நீட்டிவிட்டார்.

“சார், இருங்க! செக் பண்ணிக்கலாம்.”

“பண்ணுங்க சார். எங்க வீட்டம்மா போட்ட கணக்கு.”