உள்கண்ணாடிக்கு மட்டும் முலாம் இல்லை

எதிர்வீட்டு உடையப்பன் அண்ணன் தன் வண்டியில் கடைசிச் சக்கர மூடியையும் மாட்டி முடித்தபோது, வெயில் அதில் பட்டு நேரே என் அடுப்படிச் சுவரில் வந்து விழுந்தது.

அதற்கு மேல் வெங்காயம் நறுக்க முடியுமா? கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அதற்குள் அடுத்த வீட்டுச் செல்லாயி வேலியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்காம்க்கா இந்தச் சிங்காரம்? மனுசன் பொண்ணு பாக்கப் போறாரா? கேட்டு வந்து சொல்லுங்கலா."

மலேசியாவில், ஈப்போ பக்கத்து லகாட்டில், எங்கள் வீட்டு வரிசையில் எந்தச் செய்தியும் என் வழியாகத்தான் போகும். அதனால் என்னிடம் கேட்டாள். நியாயம்தான்.

அது நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துப் பழைய பிக்அப். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அதை ஓட்டிக்கொண்டிருந்த உடையப்பன் அண்ணனே பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் ஜாடிகளைச் சுமந்து சுமந்து அதன் குரோம் எல்லாம் குழி விழுந்து, அம்மை போட்ட முகமாக இருந்தது.

ஒவ்வொன்றாகக் கழற்றினார். பம்பர், முன் கிரில், கதவுப் பிடி. ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் பழைய குரோமை உரித்துச் செம்பு பூசி வாங்கிவந்தார். ஒவ்வொரு குழியிலும் ஈயத்தை உருக்கி விட்டார். அரத்தால் ராவினார். தண்ணீர் தொட்டுத் தொட்டு சாண்ட் பேப்பர் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது சொரசொரவென்று பட்டால் மறுபடி ஈயம், மறுபடி அரம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் புது முலாம்.

பெண்டாட்டி கன்னத்தைக்கூட எவனும் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை. இவருக்குப் பெண்டாட்டியும் இல்லை.

அந்தப் பிக்அப்பின் பின்னால் உட்கார்ந்துதான் நாங்கள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போவோம். எனக்கு வலது மூலை. இடது மூலையில் நவமணி. ஏறியவுடன் வாயைப் பிளந்து தூங்கிவிடுவாள். ஈ நுழைந்தாலும் தெரியாது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. என்கிற அடையாள அட்டை மட்டும் வைத்திருந்தவர்களெல்லாம் வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கிளம்பிய வருடம், அவளும் அப்பாவோடு போய்விட்டாள். கப்பலிலும் அப்படியேதான் தூங்கிக்கொண்டு போயிருப்பாள்.

பின்னால் இருக்கும் எங்களுக்கு உடையப்பன் அண்ணனின் பிடரி மட்டும்தான் தெரியும். ரோட்டைப் பார்க்க வேண்டிய மனுசன், அடிக்கடி தலையைத் தூக்கி மேலே இருக்கும் உள்கண்ணாடியைப் பார்ப்பார்.

பின்னால் எங்களைத் தவிர வேறு என்ன இருக்கிறது பார்க்க?

அதைக் கவனித்த நாளிலிருந்து நான் பூ வைக்காமல் அந்த வண்டியில் ஏறியதில்லை. பால்மரத்துக்கு எதற்குப் பூ என்று கங்காணி கேட்டார். கேட்கட்டும்.

கேட்க வேண்டியவர் மட்டும் கேட்கவில்லை. என்னை வேறு ஒருவருக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இப்போது பூவும் இல்லை. எதிர்வீட்டில் அந்த மனுசனோ தனியாக உட்கார்ந்து அந்த வண்டியையே மினுக்கிக்கொண்டிருக்கிறார்.

யாருக்கு என்று செல்லாயியைவிட எனக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது.

கிட்டே போனேன். சும்மா சொல்லக்கூடாது, பம்பரில் என் நரைமுடியை எண்ணிவிடலாம். தலையை விட்டு உள்ளே பார்த்தேன். உள்கண்ணாடியின் சட்டமும் அதைத் தாங்கும் கம்பியும் மட்டும் பழைய தழும்போடு துருவேறி நின்றன.

"என்னாண்ணே, வண்டி முச்சூடும் மினுக்கிட்டு இத மட்டும் வுட்டுட்டீங்க?" செல்லாயி காதில் விழட்டும் என்று அண்ணேயை அழுத்தித்தான் சொன்னேன்.

அவர் துணியில் கையைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அது கெடக்கட்டும் நல்லம்மா. அதக் கழட்டுனா திரும்ப அதே மாதிரி நிக்காது."

சொல்லிவிட்டு, எனக்குக் கோப்பி கொண்டுவர வீட்டுக்குள் போனார்.

வண்டிக் கதவு திறந்திருந்தது. திறந்த கதவைச் சும்மா விடுகிற ஆளா நான்? ஏறி அவர் இடத்தில் உட்கார்ந்தேன்.

கை தானாகக் கொண்டைக்குப் போனது.

அவர் உயரத்துக்கு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

ரோடு தெரியவில்லை.

கழுத்தைச் சாய்த்தேன். எக்கினேன். குனிந்தேன். என் வலது மூலை அதில் வரவே இல்லை.

இடது மூலை கண்ணாடி நிறைய இருந்தது. பக்கப்பலகை, அதன் கொக்கி, ஒருத்தி தலை சாய்த்துத் தூங்கும் அளவுக்கு இடம்.

போயும் போயும், வாயைப் பிளந்து தூங்குகிறவளை.

என் மூலை தெரிய, கண்ணாடியை ஒரு விரலால் தள்ளினால் போதும். தள்ளினேன். துருவில் இறுகிப் போயிருந்தது. அசையவில்லை.

என் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கினேன். கோப்பிக்கு நிற்கவில்லை.

"என்னாக்கா, யாருக்காம்?" வேலியை விட்டு இன்னும் நகராமல் செல்லாயி கேட்டாள்.

"தெரியலலா" என்றேன்.

நான் அப்படிச் சொல்லி எங்கள் வரிசை கேட்டது அதுதான் முதல் தடவை.