ஒரு நூல் பிசகு

"மறுபடியும் மூலை சேரலை. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற துணி வெட்டு!"

தையல் மாஸ்டர் துணிக் கட்டத்தை மேசையில் எறிந்தார். வெட்டுவது மனைவி, தைப்பது அவர். துண்டுத்துணிப் போர்வையில் இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. ஒரு நூல் அளவு பிசகினாலும் சரக்கு கடையை விட்டு வெளியே போகாது. அந்தப் பேரில்தான் பிழைப்பே ஓடியது.

"என் வெட்டைக் குறை சொல்லாதீங்க. நேத்து சிறிசா வந்துச்சே, அது யாரு தையல்?"

"இப்போ பெரிசா வந்திருக்கே, அது யாரு வெட்டு?"

வாசலோரம் அவளுடைய பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அண்ணன் கொட்டாவி விட்டார். "தங்கச்சி, போர்வை முடிஞ்சதும் என்னோட வந்துடறேன்னு சொன்னே. தினம் வண்டி கொண்டாந்து தினம் காலியாத் திரும்பறேன். டிரைவரே சிரிக்கிறான்."

மகள் இறந்தபின் அந்த வீட்டில் பேச்சு என்றால் பழி போடுவது மட்டும்தான். எடுத்த ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு, நல்ல பாகஸ்தர்கள் மாதிரி கணக்கைத் தீர்த்துக்கொண்டு பிரிந்துவிடலாம் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். முதலில் அதைச் சொன்னது யார் என்பதில்தான் பேரம் இன்னும் படியவில்லை.

அவள் புதிதாக வெட்டிக் கொடுத்தாள். மாஸ்டர் தலைநிமிராமல் தைத்தார். இஸ்திரி போட்டு மேசையில் விரித்ததும் அவள் அளவுகோலை வைத்தாள்.

மயிரிழை பிசகவில்லை. நாலு மூலையும் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன.

"அப்பாடா!" அண்ணன் துள்ளி எழுந்தார். "மாப்பிள்ளை, பெட்டிக்கு ஒரு கை கொடுங்க!"

மாஸ்டர் அசையவில்லை. "அளவுகோல் சரிதானா பாரு."

அவள் வேறொன்றை எடுத்து வைத்தாள். அதுவும் அதையே சொன்னது.

"சந்தோஷப்படாம ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க?" என்றார் அண்ணன்.

அவள் கட்டத்தையே வெறித்தாள். "எப்படிங்க சரியா வரும்? காலையில மாதிரியே இப்பவும் ஒரு நூல் கூட்டித்தானே வெட்டினேன்?"

மாஸ்டர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"நேத்து மாதிரியே நானும் ஒரு நூல் உள்ளே தள்ளித்தான் தைச்சேன்."