நாலு நூல் ஓட்டை

கடற்கரை மணலில் தொலைந்த நகைகளை அள்ளும் ஒரு சல்லடைக் கரண்டிக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அதன் ஓட்டைகள் சின்னவை. ஈரமணல் வடிவதற்குள் அடுத்த அலை வந்து குழியை மூடிவிடும். இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் காயலான் கடைதான். நேரே துளைபோடும் டிரில்லரிடம் போய் நின்றது.

"ஓட்டையைப் பெருசாக்குடா!"

"ரெண்டு நூல், கால் இஞ்ச் அகலம் போதும்ணே."

"நாலு!"

"சரி, மூணு. அதுக்கு மேல போனா தோடெல்லாம் நழுவிடும்."

"எனக்கே பாடமா? நாலு நூல், இப்பவே!"

துளைத்து முடித்ததும் கரண்டி காற்றாய்ப் பறந்தது. தண்ணீருக்குள் உலோகம் தேடும் டிடெக்டர் கத்தியது: "அண்ணே, தங்கத்தோடு! ஒரு சாண் கீழ!"

சரக்கென்று அள்ளி ஒரே உலுக்கு. தண்ணீர் போனது, மணல் போனது, தோடும் ஓட்டை வழியே போனது.

"பாத்தியா வேகத்தை!" என்று கரண்டி குதித்தது.

டிடெக்டர் அதே இடத்தில் மறுபடி கத்தியது. "அண்ணே, இங்க இன்னும்..."

"அடி சக்கை! ஜோடியும் இங்கதான் கிடக்கா? தள்ளு, தள்ளு!"

மதியத்துக்குள் கரண்டியின் கணக்கில் ஏழு ஜோடி முடிந்திருந்தது. "உங்களுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கலாமே" என்று டிடெக்டர் வாயெடுத்ததுதான் தாமதம்.

"என்னையே சந்தேகப்படுறியா? எட்டாவது ஜோடி எங்கடா?"